வேலிக்கு மேலால் வந்த எதிர்ப்பாட்டு

சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தில் பட்டறை இருக்கிறது, தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வரட்டாம் என்று நான் வந்து சொன்னபோது ஐயா மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"பட்டறையோ? அப்ப உந்த மொட்டை மண்வெட்டியையும் கொண்டு வரட்டோ?" என்று கேட்டார்.

பகிடிக்குக் கேட்கவில்லை. அந்தக் காலத்து இணுவிலில் பட்டறை என்றால் இரும்பு காய்ச்சி அடிக்கிற இடம். பாட்டைக் காய்ச்சி அடிக்கிற பட்டறையை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. நான் விளங்கப்படுத்தினேன். பிள்ளைகள் நாடகம் போடப் போகிறோம், அதற்குப் பாட்டுகள் வேண்டும், அந்தப் பாட்டுகளைப் பிள்ளைகளும் தாய் தகப்பனும் சேர்ந்து கட்ட வேண்டுமாம்.

"பாட்டோ? நானோ?" என்று ஐயா மாட்டைப் பார்த்துக் கேட்டார். அம்மா குசினிக்குள் இருந்து சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போன காலம் என்றபடியால் ஐயாவைத் தோட்டத்தில் இருந்து கிளப்புவது லேசான வேலை இல்லை. ஆனால் எங்கள் நாடக ரீச்சர் அதைவிடக் கெட்டிக்காரி. அந்த வருஷம்தான் உடுப்பிட்டியில் இருந்து மாற்றலாகி வந்திருந்தா. மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தா. சைக்கிளில்தான் எங்கும் போவா. வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தச் சைக்கிளை எங்கள் தோட்டத்து வரம்பில் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவால் ஐயாவிடம் நடந்து வந்தா.

"ஐயா, நாளைக்கு வருவியள்தானே?"

"பிள்ளை, எனக்குப் பாட்டு எழுதத் தெரியாது."

"எனக்கும் தெரியாது ஐயா. தெரிஞ்சிருந்தால் நானே எழுதியிருப்பன், உங்களை ஏன் கரைச்சல்படுத்துறன்?"

அடுத்த நாள் ஐயா கிணற்றில் தோய்ந்து, வெள்ளை வேட்டி கட்டி, கோயிலுக்குப் போகிறவர் போல விபூதி பூசிக்கொண்டு வெளிக்கிட்டார்.

இங்கே எங்கள் வேலிச் சண்டையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் பிறகு நடந்தது விளங்காது.

எங்களுக்கு அடுத்த வளவு பெரியையாவுடையது. ஐயாவின் கூடப்பிறந்த தமையன். யாழ்ப்பாணம் கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர் வேலை. காலையில் குடையும் சாப்பாட்டுப் பெட்டியுமாக பஸ் ஏறுவார், பின்னேரம் அதே குடையோடு இறங்குவார். அவருடைய மகள் என்னைவிடச் சில மாதங்கள்தான் மூத்தவள். ஆனாலும் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அக்கா என்றுதான் சொல்லவேண்டும், அதில் அவள் வலு கண்டிப்பு. இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஓர் ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஒரு வழி. அந்தப் பொட்டால்தான் கறிவேப்பிலை, புளி, பேப்பர், பிள்ளைகள் எல்லாம் போய்வந்தது.

வேலிக்கு ஊன்றிய கதியால் தடிகளில் ஒன்று முருங்கை. அது தளிர்த்து மரமாகி விட்டது. காய் இரண்டு பக்கமும் தொங்கும். அம்மா ஒருநாள் கொக்கத்தடியால் எங்கள் பக்கத்துக் காயை இழுக்க, கொப்பே முறிந்து பெரியையாவின் முற்றத்தில் விழுந்தது. முருங்கைக் கொப்பு பெரிதாய் என்ன, தொட்டால் முறியும். ஆனால் அன்றைக்குக் கதைத்த கதைகள் அப்படி லேசாக முறியவில்லை. காயில் தொடங்கி வேலிக்குப் போய், வேலியில் இருந்து காணிக்குப் போய், கதியாலை உள்ளே நகர்த்தி நட்டது ஆர் என்கிற இடத்தில் வந்து நின்றது. அந்த முறை புதுக் கிடுகு வைத்து வேலி அடைக்கும்போது பெரியையா பொட்டையும் சேர்த்து அடைத்துவிட்டார். இரண்டு வருஷத்துக்குக் கிட்ட இரண்டு வீடும் கதைக்கவில்லை. நானும் அக்காவும் மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து நாள் முழுக்கக் கதைப்போம். பின்னேரம் எங்கள் வீடுகளுக்குத் திரும்புகிற ஒழுங்கை முடக்கு வந்ததும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போலப் பிரிந்து நடப்போம்.

இதெல்லாம் உடுப்பிட்டியில் இருந்து வந்த ரீச்சருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் நல்ல சனம். ஐயா உள்ளே போனதும் பெரியையா வந்திருப்பதைக் கண்டுவிட்டார். உடனே போய் முதல் வாங்கின் இந்தத் தொங்கலில் இருந்தார். பெரியையா எழும்பிப்போய்க் கடைசி வாங்கின் அந்தத் தொங்கலில் இருந்தார். இதைவிடத் தூரமாக இருப்பதென்றால் ஒருவர் வெளியே போய்த்தான் இருக்கவேண்டும்.

ரீச்சர் நாடகத்தின் கதையைச் சொன்னா. ஒரு பட்டம். அதைக் கட்டி முடித்த அன்றைக்குக் காற்று விழுந்துபோயிற்று. ஓர் இலை அசையவில்லை. பட்டம் காற்றைத் தேடிப் புறப்படுகிறது. கிணற்றைக் கேட்கிறது, பனையைக் கேட்கிறது, கோயில் கொடியைக் கேட்கிறது, கடலைக் கேட்கிறது. கடைசியில் பார்த்தால் தெற்கால் வீசுகிற சோளகக் காற்றும் வடக்கால் வீசுகிற வாடைக் காற்றும் ஓரிடத்தில் முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு கோபத்தில் குந்தியிருக்கின்றன. "நான் வீசிக் களைச்சுப்போனன், இனி உன்ரை முறை" என்கிறது சோளகம். "என்ரை முறைக்கு இன்னும் நாள் கிடக்கு" என்கிறது வாடை. பட்டம் எப்படிப் பறந்தது என்பதுதான் கதை.

"ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பாட்டு வேணும்" என்றா ரீச்சர். "புத்தகத்திலை இருக்கிற சொல் வேண்டாம். தென்றல் வேண்டாம், பூங்காற்று வேண்டாம். உங்கடை வீட்டிலை காத்து என்ன செய்யுது? அதைச் சொல்லுங்கோ, போதும்."

முதலில் ஆண்கள் முகட்டைப் பார்த்தார்கள். பெண்கள் சீலைத் தலைப்பை முறுக்கினார்கள். பிறகு எங்கள் அம்மா, ஆரோ கேள்வி கேட்டதற்குப் பதில் சொல்வது போல, இருந்த இடத்தில் இருந்தபடியே சொன்னா:

"கொடியிலை போட்ட சேலை – அதைக்
கொண்டோடிப் போச்சுது காத்து;
தேடிப் பிடிக்கப் போனால் – ஆடு
சிரிக்குது தலைப்பைச் சாத்தி!"

மண்டபம் அதிர்ந்தது. ஐயா அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம், ஒருநாளும் இதைப்பற்றி ஒரு கதை சொல்லவில்லையே என்பது மாதிரி ஒரு பார்வை. அம்மா முகம் சிவந்துபோய், "உண்மையா நடந்ததுதான். ஆடு கட்டியிருந்தது என்ரை நல்ல சீலை" என்றா. ரீச்சர் ஓடிப்போய் அதைக் கரும்பலகையில் எழுதினா. பிறகு வாய்கள் திறந்தன. கடலை விற்கிற ஒருவர் பேப்பர்ச் சுருள் பறந்ததைச் சொன்னார். ஒரு தாய் படுக்கைக்குக் கட்டின நுளம்புவலைக்குள் காற்றுப் புகுந்து வலையே பிள்ளைத்தாய்ச்சி போல வீங்கியதைச் சொன்னா. சொன்னதை இரண்டு வரியாக்கி, கை தட்டித் தாளம் பார்த்து, தாளத்துக்கு உதைக்கிற சொல்லைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டினோம். பட்டறைதான், சந்தேகமில்லை.

அதன்பிறகு ரீச்சர் கூட்டம் பிரித்தா. குடும்பத்துக்கு ஓர் இலக்கம். முதல் வாங்கின் தொங்கலில் இருந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரையும் எண்ணி, திரும்ப ஒன்றில் தொடங்கினா. ஐயா முதலாவதாக இருந்தபடியால் ஒன்று. எண்ணிக்கை வாங்கு வாங்காகச் சுற்றிப்போய்க் கடைசி வாங்கின் அந்தத் தொங்கலில் பெரியையாவிடம் முடிந்தபோது அதுவும் ஒன்று.

"ஒண்டாம் இலக்கம் எல்லாரும் இஞ்சாலை வாங்கோ. உங்களுக்குத்தான் நல்ல பாட்டு. சோளகத்துக்கும் வாடைக்கும் சண்டை!"

எங்கள் வேலிச் சண்டை ஊருக்கே தெரியும். எல்லோருக்கும் தெரியும், ரீச்சர் ஒராளைத் தவிர. அவவோ சந்தோஷமாக ஐயாவின் கையில் ஒரு வெண்கட்டித் துண்டையும் பெரியையாவின் கையில் ஒரு வெண்கட்டித் துண்டையும் வைத்து, "நீங்கள் சோளகம், நீங்கள் வாடை" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டா.

இரண்டு பேரும் ஒரே கரும்பலகையின் இரண்டு கரையில் நின்றார்கள். அக்கா என் கையைக் கிள்ளினாள். ஐயா பலகையைப் பார்த்தபடி எழுதினார்:

"வைகாசி முழுக்க வீசினேன் – நானும்
வரம்புப் புழுதி பூசினேன்;
கைகால் ஓய்ந்து குந்தினேன் – இனிக்
காத்தே, உன்ரை முறையடா!"

தமையனைப் பார்த்து 'அடா' போடுவதென்றால் சும்மாவோ? ஆனால் அது சோளகம் வாடைக்குப் போட்ட 'அடா'. பெரியையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, கச்சேரிக் கடிதம் எழுதுகிற வடிவான எழுத்தில் கீழே எழுதினார்:

"மார்கழி வரட்டும் வாறன் – என்ரை
மழையோடை சேர்ந்து வாறன்;
ஆர்சொல்லி வேளைக்கு வாறன்? – உன்ரை
ஆட்டம் அடங்கட்டும், பாப்பம்!"

மற்றக் கூட்டங்கள் தங்கள் கிணற்றையும் பனையையும் விட்டுவிட்டு எங்கள் பலகையைச் சுற்றி வந்துவிட்டன. கைதட்டல் வேறு. கைதட்டல்தான் வினை. பெரியையாவுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. யோசிக்காமல் அடுத்ததை எழுதினார்:

"முருங்கைக் கொப்பை முறிச்சதார்? – என்ரை
முற்றத்துக் காயைப் பறிச்சதார்?
நெருங்கி நெருங்கி வேலியை – இங்கை
நகர்த்தி நட்டு வைச்சதார்?"

கைதட்டல் நின்றது. ஐயாவின் காது சிவந்தது. வெண்கட்டி உடைய உடைய எழுதினார்:

"கொப்பு தானாய் முறிஞ்சது – அதைக்
கொண்டு போனது காத்துத்தான்;
பொட்டை அடைச்சுப் போட்டிட்டுப் – பிள்ளையள்
போற வழியைத் தடுத்ததார்?"

அப்போதுதான் பெரியையாவின் மனிசி, எங்கள் பெரியம்மா, சிரித்தா. சின்னச் சிரிப்பில்லை. வாயைப் பொத்தினாலும் விரல் இடுக்கால் பீறிக்கொண்டு வருகிற சிரிப்பு. "இவ்வளவும் அந்த முத்தல் முருங்கைக்காய்க்கோ? அதை நான் அவிச்சுப் பாத்தனான், மரக்கட்டை!" என்றா. அவ்வளவுதான், மண்டபமே உருண்டு சிரித்தது. அம்மாவும் சிரித்தா. ஐயாவுக்கும் மீசைக்குள் ஏதோ அசைந்தது.

பெரியையா மட்டும் சிரிக்கவில்லை. வெண்கட்டியைப் பலகைத் தட்டில் வைத்தார். குடையை எடுத்தார். வெளியே மழையுமில்லை, வெயிலும் தாழ்ந்துவிட்டது. ஆனாலும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலால் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் ஆரோ ரீச்சரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவ தலையில் கையை வைத்தபடி எங்களிடம் வந்தா. "ஐயோ, எனக்குத் தெரியாது ஐயா. நான் கூட்டத்தை மாத்தி விடுறன்."

"மாத்த வேண்டாம்" என்றார் ஐயா.

அடுத்த சனிக்கிழமை பெரியம்மாவும் அக்காவும் மட்டும் வந்தார்கள். ஐயா பலகைக்கு முன்னால் வெண்கட்டியை உருட்டிக்கொண்டு சும்மா நின்றார். ஏன் எழுதவில்லை என்று ரீச்சர் கேட்க, "எதிர்ப்பாட்டு இல்லாமல் நான் ஆரோடை பாடுறது?" என்றார். ஏதோ சாமான் தொலைத்தவர் போலத்தான் நின்றார். அன்றைக்கு எங்கள் பாட்டு ஓரடியும் நகரவில்லை. அக்காதான் பட்டமாக நடிக்க இருந்தவள். அவள் தனக்கென்று ஒன்றைத் தானாகவே கட்டிச் சொன்னாள்:

"அங்கையும் இங்கையும் பாக்கிறன் – வால்
ஆடாமல் தூங்கிக் கிடக்கிறன்;
ஆரெண்டாலும் சரி, வீசுங்கோ – நான்
ஆகாசம் பாக்கப் போகவேணும்!"

அந்தக் கிழமை நடுவில் ஒரு பின்னேரம். நான் முற்றத்தில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். ஐயா மாட்டுக் கொட்டிலில். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றில் வாளி விழுகிற சத்தம். பெரியையா வேலையால் வந்து கால்முகம் கழுவுகிறார். தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவில் அவருடைய குரல் எழும்பியது. ஆரையும் பார்த்து அல்ல, கிணற்றுக்குப் பாடுகிறவர் போல:

"பொட்டை அடைச்சது நான்தானாம் – அந்தப்
புண்ணியம் எனக்கு வேண்டாமாம்;
கெட்ட கதையைக் கதைச்சதார்? – முதல்
கேட்டுப் பாருங்கோ வீட்டிலை!"

கொட்டிலில் ஐயாவின் கை நின்றது. மாடு திரும்பிப் பார்த்தது. குசினி வாசலுக்கு அகப்பையோடு அம்மா வந்தா.

"இஞ்சாருங்கோ, வீட்டிலை எண்டு எனக்கோ சொல்லுறார்?"

"சத்தம் போடாதை. நல்லாயிருக்கு."

"என்ன நல்லாயிருக்கு?"

"பாட்டு நல்லாயிருக்கு. பொட்டை, கெட்ட… வடிவா விழுந்திருக்கு."

அன்றைக்கு இராச்சாப்பாடு வெறும் சாப்பாடாக இருக்கவில்லை. ஐயாவும் அம்மாவும் புட்டைக் குழைத்தபடியே சொல்லுக்குச் சொல் தேடினார்கள். ஐயா ஒரு வரி சொல்ல, அம்மா "உது வேண்டாம், உறைக்கேல்லை" என்று தள்ளிவிடுவா. அவர்கள் இரண்டுபேரும் அவ்வளவு நேரம் சேர்ந்திருந்து ஒரு விஷயத்தைக் கதைத்து நான் முன்னம் கண்டதில்லை. விடிந்ததும், பெரியையா பஸ்ஸுக்கு வெளிக்கிடுகிற நேரம் பார்த்து, ஐயா வேலிக்கரையில் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிற சாட்டில் பாடினார்:

"வீட்டிலை கேட்டுப் பாத்திட்டன் – அவ
விழுந்து விழுந்து சிரிக்கிறா;
ஓட்டைக் குடையோடை ஒருவர் – தன்னை
ஊர்க்காத்து எண்டு சொல்லுறார்!"

அந்தப் பக்கத்தில் வாசல் படலை சாத்துகிற சத்தம் கேட்டது. போகிற காலடி ஒரு கணம் நின்று, பிறகு நடந்தது. அன்று பின்னேரம் நாங்கள் எல்லோருமே கிணற்றடிச் சத்தத்துக்குக் காத்திருந்தோம். பெரியையா ஏமாற்றவில்லை. பஸ்ஸில் போகும்போது கட்டி, கச்சேரியில் திருத்தி, திரும்பி வரும்போது பாடமாக்கிக்கொண்டு வருகிறார் என்று அக்கா பள்ளிக்கூடத்தில் சொன்னாள். ஒருநாள் ஏதோ சொல்லை யோசித்துக்கொண்டிருந்து இணுவிலில் இறங்காமல் மருதனார்மடம் சந்திவரை போய்த் திரும்பி நடந்து வந்தாராம்.

அவர்கள் கதைக்கவில்லை. ஒழுங்கையில் எதிர்ப்பட்டால் முந்தியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். பாடுவது மட்டும்தான். காலையில் இந்தப் பக்கத்தால், பின்னேரம் அந்தப் பக்கத்தால். நானும் அக்காவும் அவற்றைப் பாடமாக்கிக்கொண்டு போய் ரீச்சரிடம் ஒப்புவிப்போம். அவ ஒரு கையால் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே மற்றக் கையால் எழுதுவா. காற்றுக்குப் பொருந்தாததை வெட்டினா. முருங்கைப் பாட்டை நான் வெட்டச் சொல்லிக் கேட்டேன். "ஏன் பிள்ளை? காத்துத்தானே கொப்பு முறிக்கிறது. அது அப்பிடியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டா.

மூன்றாம் சனிக்கிழமை பெரியையா வந்தார். ஒன்றும் நடக்காதது போல வந்து, கரும்பலகையின் தன்னுடைய கரையில் நின்று, வெண்கட்டியை எடுத்தார்.

நாடகம் ஆவணியில். பள்ளிக்கூட முற்றத்தில் வாங்குகளைச் சேர்த்துக் கட்டி மேடை, கடல் நிறச் சீலைகளைத் தைத்துத் திரை. நான் சோளகம். எனக்குச் செம்மண் நிறத்தில் ஒரு சால்வை, தலைமயிர் முழுக்க விரித்துவிட்டு நெற்றியில் புழுதி. தாய் தகப்பன்மார் மேடைக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்து பின்பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. வாடையாக நடிக்க இருந்தவன் மேல்வகுப்புப் பையன். அன்றைக்குக் காலையில் அவனுக்குக் கூகைக்கட்டு வந்து கன்னம் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

ரீச்சர் நேரே பெரியையாவிடம் போனா.

"ஐயா, வாடையின்ரை பாட்டு முழுக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒராள்தான்."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? நான் கச்சேரியிலை வேலை செய்யிற மனிசன். மேடையிலை ஏறி ஆடுறதோ?"

"வாடையும் அரசாங்க உத்தியோகம் மாதிரித்தான் ஐயா. வருஷா வருஷம் நேரத்துக்கு வரவேணும், லீவு எடுக்கேலாது."

பெரியையா சிரித்துவிட்டார். சிரித்தபடியால் மாட்டிக்கொண்டார். பெரியம்மா தன்னுடைய நீலச் சீலையை அவருக்குப் போர்த்திவிட்டா. வாடை மழையோடு வருகிற காற்றுத்தானே என்று குடையை அவரே எடுத்துக்கொண்டார்.

வெயில் தாழ நாடகம் தொடங்கியது. அக்கா பட்டமாக வாலை இழுத்துக்கொண்டு கிணறு, பனை, கொடி, கடல் என்று அலைந்தாள். அம்மாவின் சேலைப் பாட்டுக்கு ஆடு வேஷக்காரன் சீலைத் தலைப்பைச் சாத்திக்கொண்டு வர, சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பிறகு எங்கள் காட்சி. திரை விலகியபோது நானும் பெரியையாவும் முதுகுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தோம். அவர் தன் பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பது என் முதுகுக்குத் தெரிந்தது. நான் என் பாட்டைப் பாடி 'உன்ரை முறையடா' என்று திரும்பினேன். அவரும் திரும்பினார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பெரியையா என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "மார்கழி வரட்டும் வாறன்."

முதற் பாட்டு நன்றாகப் போயிற்று. குடையை விரித்து ஒரு சுழற்று வேறு சுழற்றினார், சனம் விசிலடித்தது. அந்த விசிலில் ஆள் திகைத்துப்போனார். அடுத்தது முருங்கைப் பாட்டு. வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. மேடைக்குக் கீழே ரீச்சர் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

அப்போது பாயில் இருந்து ஐயாவின் குரல் எழும்பியது. நல்ல கணீரென்ற குரல்:

"முருங்கைக் கொப்பை முறிச்சதார்? – என்ரை
முற்றத்துக் காயைப் பறிச்சதார்?"

தன்மேல் போட்ட குற்றப்பாட்டைத் தானே எடுத்துக் கொடுத்தார்! ஒரு கணம் கழித்துத்தான் சனத்துக்கு விளங்கியது. பிறகு எழும்பிய சிரிப்பைப் போல ஒன்றை நான் எங்கும் கேட்டதில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த சண்டையல்லவா? கோயிலடியில் இருந்துகூட ஆட்கள் என்ன என்று பார்க்க வந்தார்களாம். பெரியையா குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு குடையை மடக்கி, அதை ஐயாவின் பக்கம் நீட்டி, மிச்ச இரண்டு அடியையும் பாடினார். அதற்கு நான் பாடவேண்டிய மறுமொழியை ஐயாவே பாடினார். நான் மேடையில் வாயை மட்டும் அசைத்தேன். இரண்டு காற்றும் ஒன்றையொன்று விடாமல் ஊத, நடுவில் அக்காவின் பட்டம் மெல்ல மெல்ல எழும்பியது. நாடகத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. காற்றுகள் சமாதானமாவதாகத்தான் இருந்தது. ஆனால் சண்டைபிடித்தே பட்டம் ஏறியதுதான் நன்றாக இருந்தது என்று ரீச்சர் பிறகு முடிவையே மாற்றிவிட்டா.

அடுத்த நாள் காலை ஒருவரும் கட்டிப்பிடித்து அழவில்லை. ஐயா வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருமல் கேட்டது. பிறகு, பாட்டாக இல்லாமல் வெறும் கதையாக ஒரு குரல்:

"தம்பி, உன்ரை அந்த ஓட்டைக் குடைப் பாட்டு. கடைசி அடியிலை தாளம் இடறுது."

ஐயா மண்வெட்டியை ஊன்றி நின்றார். "எங்கை அண்ணை இடறுது? பாடிக் காட்டுங்கோ பாப்பம்."

பாடிக் காட்டினார். இடறவில்லை என்று ஐயா பாடிக் காட்டினார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் பஸ்ஸுக்கு அவசரமில்லை. அவர்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று தாளம் தட்டிச் சண்டைபிடித்துக்கொண்டிருக்க, அம்மாவும் பெரியம்மாவும் பின்வளவுப் பக்கம் போய்ப் பொட்டு இருந்த இடத்துக் கிடுகைக் கத்தியால் அறுத்துவிட்டார்கள். கேட்டவர்களுக்கு, ஆடு பிய்த்துப்போட்டது என்று சொன்னார்கள்.

நாடகத்தை உடுப்பிட்டியிலும் போடவேண்டும் என்று ரீச்சரின் ஊரில் கேட்டார்கள். புரட்டாதியில் ஒரு ஞாயிறு, ஒரு பஸ் பிடித்து எல்லாக் குடும்பங்களும் போனோம். நீர்வேலி தாண்டி, வல்லைவெளியில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் மரமில்லாத வெட்டை, காற்று ஜன்னலால் வந்து பட்டத்தின் வாலைப் பிடுங்கப் பார்த்தது. வழி முழுக்க ஒரே பாட்டு. வாடைப் பையனுக்குக் கன்னம் சுகமாகியிருந்தது. ஆனாலும் பெரியையா அந்த வேஷத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "பெடியன் பிறகு ஆடலாம். அவனுக்கு வயசிருக்கு" என்றார். பையனுக்கு ஒரு பனை வேஷத்தைக் கொடுத்துச் சமாளித்தோம்.

அங்கேயும் நல்ல சனம். நாடகம் முடிந்த கையோடு ரீச்சரின் வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. பெரிய முற்றத்தில் பாய்கள் விரித்து, கடகம் கடகமாகப் பனங்காய்ப் பணியாரம். சுடச்சுட எண்ணெய்ச் சட்டியில் இருந்து இறங்குகிற மணம் ஒழுங்கைவரை வந்தது. ரீச்சரின் தகப்பன் ஓர் உயரமான மனிதர், படலையிலேயே எங்களை மறித்தார்.

"இணுவில் சனம் பாட்டுக் கட்டுற சனமாம். என்ரை மகள் சொன்னவ. அப்ப ஆளுக்கொரு பாட்டுச் சொல்லிப்போட்டுத்தான் பணியாரத்திலை கை வைக்கலாம்."

ஐயா ஒன்று சொல்லி உள்ளே போனார். பெரியையா இரண்டு சொல்லிவிட்டுப் போனார். அம்மா, அக்கா, நான், எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பினோம். பெரியம்மாவின் முறை வந்தது. பசி பொறுக்காத ஆள். படலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு விடாமல் சொன்னா:

"பனங்காய்ப் பணியாரம் மணக்குது – என்ரை
பாட்டு வயித்துக்கை உருளுது;
இனம்சனம் பாத்துச் சிரிக்கட்டும் – எனக்கு
இன்னும் ரெண்டை எடுத்து வையுங்கோ!"

ரீச்சரின் தகப்பன் படலையை அகலத் திறந்துவிட்டு, தானே ஒரு தட்டு நிறையப் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தார். ரீச்சர் பேனையைத் தேடிக்கொண்டு ஓடிவந்தா.

"அம்மா, அதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ, எழுதவேணும்."

பெரியம்மாவின் வாய் நிறையப் பணியாரம். விழுங்கிவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னா:

"இனி வராது பிள்ளை. அது பசியிலை வந்தது."